பத்துக்குப் பத்துப் பொருத்தம்

அத்தியாயம் ஆறு

‘நற்பொருத்தம்’ நிறுவனத்துக்குள் நுழைந்த நிருஷனை முதலில் வரவேற்றது ஒரு தேசிக்காய். கொம்பியூட்டர் அறை வாசலில் பச்சை மிளகாயோடு கோத்து அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். நிருஷன் உயரமான ஆள். அது நேரே நெற்றியில் முட்டியது.

“வைரசுக்கு நல்ல காவல்தான் போட்டிருக்கினம் அக்கா,” என்று நெற்றியைத் தடவினான்.

சிவகௌரி சிரிக்கவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் அவர் சிரிப்பதில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும்போது, மோட்டச்சைக்கிளின் பின்னால் இருந்தபடி, காலையில் கேட்ட பகிடிகளுக்கெல்லாம் சேர்த்துச் சிரிப்பார்.

கொழும்பில் பல வருடம் மென்பொருளில் பிழை பிடித்துவிட்டு ஊருக்கு வந்து, அரியாலையில் தன் வீட்டு மதிலில் ‘சிவகௌரி, மென்பொருள் துப்பறிவாளர்’ என்று பலகை மாட்டியவர் அவர். ஊருக்கு அதில் கடைசிச் சொல் மட்டுமே விளங்கியது. ஆடு காணாமல் போனவர்கள் வந்தார்கள். தண்ணீர் மோட்டரைக் களவு கொடுத்தவர்கள் வந்தார்கள். கனடா மாப்பிள்ளைக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லியும் வந்தார்கள். நிருஷனே களவுபோன மோட்டச்சைக்கிளைத் தேடித்தரச் சொல்லி வந்தவன்தான். அது கிடைத்த பிறகும் அவன் போகவில்லை. இப்போது அந்த மோட்டச்சைக்கிள்தான் துப்பறியும் நிலையத்தின் வாகனம். அவன்தான் சாரதி, உதவியாளர், தேவைப்படாத இடத்தில் திறக்கும் வாய்.

சாவகச்சேரியில் கண்டி வீதியோரம், ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்தது ‘நற்பொருத்தம்’. மாப்பிள்ளை, பொம்பிளை சாதகக் குறிப்புகளைச் சேர்த்துவைத்து, பொத்தானை அமத்தியவுடன் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சொல்லும் கைபேசிச் செயலி அவர்களுடையது. ரொறன்ரோவிலிருந்து இணுவில் வரை அதில் குறிப்புப் போடாத வீடு குறைவு. உரிமையாளர் கனகசபாபதி முதலில் கலியாண மண்டபம் நடத்தியவர். மண்டபம் நிறையக் கலியாணம் வேண்டும், கலியாணம் நடக்கச் சோடி வேண்டும் என்று பின்னோக்கி யோசித்துச் செயலிக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அவர் கதிரையிலிருந்து எழும்பாமலே தொடங்கினார்.

“பிள்ளை, இது ஒண்டில் செய்வினை, இல்லாட்டில் சதி. ரெண்டில எது எண்டு நீங்கள் கண்டுபிடிச்சுத் தந்தால் காணும்.”

“மூண்டாவதா ஒண்டும் இருக்கு ஐயா. பிழை,” என்றார் சிவகௌரி.

“எங்கடை செயலியில பிழை வராது. அதை எழுதினது ஆர் எண்டு நினைச்சியள்? லவீனா. கெட்டிக்காரப் பிள்ளை.”

“அப்ப சதி செய்தது ஆர்?”

“லவீனா.”

நிருஷன் இருமலாக மாற்றிச் சிரித்தான். கனகசபாபதி அதைக் கவனிக்கவில்லை.

“கேளுங்கோ. கொஞ்ச நாளா, சில பிள்ளையளின்ரை குறிப்பை எடுத்துப் ‘பொருத்தம் பார்’ எண்டதை அமத்தினால் செயலி பொத்தெண்டு விழுந்து மூடுப்படுது. லண்டனில விழுது, இணுவிலிலை விழுது. ஆனால் லவீனாவின்ரை போனில மட்டும் விழாது! பிறகென்ன சாட்சி வேணும்? அவள் வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவள். குறிப்பு, சாதகம் ஒண்டிலையும் நம்பிக்கை இல்லை. இண்டைக்குப் பின்னேரத்தோட வீட்டை அனுப்பப் போறன். இனி யாழ்ப்பாணத்திலை ஒரு கொம்பியூட்டரிலையும் அவள் கை வைக்க ஏலாமல் செய்வன்.”

அவருக்குப் பின்னால் சுவரை நிறைத்து ஒரு விளம்பரப் படம். அவருடைய ஒரே மகள் சுபாஜினியும் அவளுக்கு நிச்சயித்த சிவரூபனும் அதில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். கீழே கொட்டை எழுத்தில், ‘பத்துக்குப் பத்து! எங்கள் வீட்டுக் கலியாணமே எங்கள் செயலியில்!’ படத்தில் இருந்த அதே சுபாஜினி படத்துக்குக் கீழே மேசை போட்டு, வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளுக்கு மறுமொழி தட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

லவீனா மூலை மேசையில் இருந்தாள். அழுது முடித்த முகம். மேசையில் ஒரே மாதிரியான இரண்டு கைபேசிகளை அடுக்கி வைத்திருந்தாள்.

“அக்கா, இது சோதனைப் பதிப்பு, இது வெளியீட்டுப் பதிப்பு,” என்று தொட்டுக் காட்டினாள். “நிரல் ஒண்டுதான். ஒரு எழுத்துக்கூட வித்தியாசம் இல்லை.”

நிருஷனுக்கு இந்த வித்தியாசம் இப்போது அத்துப்படி. சோதனைப் பதிப்பு வீட்டில் சாரம் கட்டிக்கொண்டு இருக்கிற ஆளைப் போல. ஆறுதலாக அசையும், எதையும் அவசரப்பட்டு எறியாது. எழுதுகிறவர் தன் மேசையில் ஓட்டிப் பார்ப்பது அதைத்தான். ஊருக்குப் போவது வெளியீட்டுப் பதிப்பு. அதே நிரலைக் கணினி தானே இறுக்கிச் சுருக்கி, வேண்டாதது என்று தனக்குப் படுவதையெல்லாம் உடனுக்குடன் துடைத்து, வேகமாக ஓடவிடும்.

லவீனா இரண்டிலும் ஒரே குறிப்பை எடுத்து, ஒரு மாப்பிள்ளையின் குறிப்போடு சேர்த்தாள். பெயர் கேதீஸ்வரி, ஊர் இணுவில். ‘பொருத்தம் பார்.’ சோதனைப் பதிப்பு அழகாகக் கணக்குப் போட்டு விடை சொன்னது. வெளியீட்டுப் பதிப்பின் திரை ஒருமுறை துடித்து இருண்டது.

“நான் பாக்கேக்கை ஒண்டும் நடக்காது. ஊரிலை நடக்கும். சொன்னால் ஆர் நம்புவினம்?”

“நான் நம்புறன். விழுற இடத்தைப் பிடிக்க என்ன செய்தனீர்?”

“வெளியீட்டுப் பதிப்புக்குள்ளை ஒரு வரி சேர்த்தனான். கணக்கு முடிஞ்ச உடனை, ‘இந்தக் குறிப்பு இப்பவும் கையில இருக்கு’ எண்டு பதிஞ்சு வைக்கிற வரி. வேவு பார்க்கத்தான்.”

“பிறகு?”

“பிறகு விழவேயில்லை! வரியை எடுத்தால் விழும். சேர்த்தால் விழாது. எனக்கு விசர் பிடிக்கும் போல இருக்கு.”

“இதிலை என்ன அதிசயம்?” என்றான் நிருஷன். “சந்தியிலை பொலிஸ் நிண்டால் எல்லாரும் ஹெல்மெட் போடுவினம். பொலிஸ் போனால் கழட்டிக் கைபிடியிலை கொழுவுவினம். உங்கடை செயலி அசல் யாழ்ப்பாணத்தான்.”

சிவகௌரி அவனைத் திரும்பிப் பார்த்தார். பகிடி பிடிக்காத பார்வையல்ல. பகிடிக்குள் எதையோ கண்டெடுத்த பார்வை.

“பொலிஸ் சும்மா நிண்டு பார்த்ததாலையோ, இல்லாட்டில் எதையாவது கையில பிடிச்சுக்கொண்டு நிண்டதாலையோ?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு லவீனாவிடம், “விழுகிற குறிப்புகளை எல்லாம் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாத் திறந்து காட்டும்,” என்றார்.

லவீனா காட்டினாள். நட்சத்திரம் ஒன்றல்ல, இராசி ஒன்றல்ல, ஊர் ஒன்றல்ல. கட்டங்களை நிருஷன் கண் வலிக்க ஒப்பிட்டுப் பார்த்தான். சிவகௌரி கட்டங்களைப் பார்க்கவேயில்லை. ஒவ்வொரு குறிப்பின் மேலேயும் இருந்த முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வடிவான பிள்ளையள்,” என்றார் கடைசியில். “எடடா வண்டியை. இணுவிலுக்குப் போவம்.”

கைதடியில் திரும்பிக் கோப்பாய், உரும்பிராய் என்று போகும் வழியெல்லாம் நிருஷன் தன் சந்தேகங்களைக் காற்றில் கத்திக்கொண்டு போனான். செவ்வாய்க் குற்றம் உள்ளவர்களுக்கு மட்டும் விழுகிறதோ? லண்டனில் குளிர் கூடியதாலோ?

இணுவிலில் வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய வீடு. கேதீஸ்வரியின் தாய் பத்மாவதி படலையைத் திறக்க முன்னரே ஏசத் தொடங்கிவிட்டார்.

“உங்கடை செயலி என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை மூடிப்போட்டுது! லண்டன் மாப்பிளை வீட்டுக்காரர் பொருத்தம் பாக்க வெளிக்கிட்டவை. அமத்த விழுந்தது. திரும்ப அமத்த, திரும்ப விழுந்தது. மாப்பிளையின்ரை தாய் என்ன சொன்னவ தெரியுமோ? ‘போனே வேண்டாமெண்டு சொல்லுது, நாங்கள் பிறகென்னண்டு செய்யிறது’ எண்டு. இப்ப ஊரிலை, இவளின்ரை குறிப்பைத் திறந்தால் போன் செத்துப்போகுமெண்டு கதைக்கினம். பக்கத்து வீட்டுக்காரி தன்ரை போனை என்ரை பிள்ளை வந்தால் சீலைக்குள்ளை ஒளிக்கிறாள்!”

கேதீஸ்வரி உள்ளிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். சம்பந்தம் குழம்பிய பிள்ளை என்று யாரும் சொல்லிவிட முடியாத முகம். மடியில் வைத்த கைபேசி மினுங்கும்போதெல்லாம் அதைக் குனிந்து பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள்.

சிவகௌரி தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “பிள்ளையின்ரை படம் ஆர் எடுத்தது?”

பத்மாவதி ஏச்சை மறந்து நின்றார். நிருஷன் காதைத் தேய்த்துக்கொண்டான். கைதடியிலிருந்து கத்திக் கேட்ட அத்தனை கேள்விக்கும் மறுமொழி இல்லை. இங்கே வந்து படம் யார் எடுத்ததென்றா?

“யாழ்ப்பாணத்திலை ஸ்ரூடியோக்காரர்,” என்றார் பத்மாவதி. ஏச்சு பெருமையாக மாறியது. “விடிய வந்து பின்னேரம்தான் போனவை. கடற்கரைக்குக் கொண்டுபோய், மூண்டு சீலை மாத்தி, பறக்கிற கமெராவும் விட்டு எடுத்தது. சும்மா படமில்லை. பெருப்பிச்சால் மூக்குத்திக் கல்லிலை எடுத்தவன்ரை முகமும் தெரியும்.”

“ஓமக்கா, உந்தப் படத்தைப் போடப் போனே ஒருக்கால் இளைச்சுத்தான் போட்டது,” என்றாள் கேதீஸ்வரி.

“உதுக்கு முந்தி என்ன படம் போட்டிருந்தனீர்?”

“அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். பேய் மாதிரி இருக்கெண்டு அம்மா எடுக்கச் சொன்னவ.”

“பேய்ப் படம் இருக்கேக்கை செயலி விழுந்ததோ?”

கேதீஸ்வரி யோசித்தாள். “இல்லை. விழவேயில்லை. ஆனால்…”

“ஆனால்?”

“ஒரே மாப்பிளைக்குக் காலமை பார்த்தால் ஏழு எண்டு சொல்லும். பின்னேரம் பார்த்தால் நாலு எண்டு சொல்லும்.”

“கிரகம் மாறுந்தானே!” என்றார் பத்மாவதி.

“பிறந்த நேரத்துக் கிரகம் எப்பிடியம்மா மாறும்?”

சிவகௌரி தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பினார். இவ்வளவு காலத்தில், தந்த தேத்தண்ணியை அவர் குடிக்காமல் எழும்பி நிருஷன் கண்டதில்லை.

“என்னக்கா, கள்ளன் பிடிபட்டுட்டானோ?” என்று படலையில் கேட்டான்.

“கள்ளன் பிடிபட்டுட்டான். இப்ப பயம் என்னெண்டால், அவன் சத்தம் போட்ட வீடுகளை விட்டிட்டு, சத்தமில்லாமல் போய்வந்த வீடுகள் எத்தினை எண்டதுதான்.”

திரும்பும் வழியில் நிருஷன் வாய் திறக்கவில்லை. உரும்பிராய்ச் சந்தியில் அவனுக்கே அது புதினமாக இருந்தது.

சாவகச்சேரி மேல்மாடியில் கனகசபாபதி நீக்கல் கடிதத்தை மேசையில் மடித்து வைத்துக் காத்திருந்தார். சிவகௌரி அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஐயா, உங்கடை மண்டபத்திலை பந்தி எப்பிடி?”

“என்ன கேள்வி பிள்ளை இது? தென்மராட்சியிலேயே எங்கடை மண்டபத்திலைதான் பந்தி கெதியா எழும்பும். ஆள் கை எடுக்கக் காத்திருந்து இலையை எடுத்துப்போடுவாங்கள் பெடியள்.”

“ஆள் பாயாசத்துக்குக் காத்திருந்தால்?”

கனகசபாபதி கொஞ்சம் நெளிந்தார். “சில நேரம்… அதையும் சேர்த்து எடுத்துப்போடுவாங்கள்தான்.”

“அதுதான் ஐயா இஞ்சையும் நடக்குது. ஒரு குறிப்பை எடுத்தவுடனை அதுக்கு நினைவகத்திலை ஒரு இலை போடுபடும். அந்த இலையைப் பார்த்துத்தான் கணக்குப் போடுறது. சோதனைப் பதிப்பு ஆறுதல். பந்தி முழுக்க எழும்பின பிறகுதான் இலை எடுக்கும். வெளியீட்டுப் பதிப்பு உங்கடை மண்டபத்துப் பெடியள் மாதிரி. கணக்குக்காரன் இன்னும் பார்த்துக்கொண்டு இருக்கேக்கையே, ‘இந்தக் குறிப்போட வேலை முடிஞ்சுது’ எண்டு நினைச்சு இலையை எடுத்துப்போடும். அந்த இடத்திலை வேறை என்னவும் வந்து குந்தும். பறக்கிற கமெராவிலை எடுத்த பெரிய படம் ஒண்டு வந்து குந்தினால், கணக்குக்காரன் கட்டத்தைத் தேடிக் கை வைக்க மூக்குத்தி அம்பிடும். அவன் மயங்கி விழுவான். செயலி மூடுப்படும்.”

“அப்ப லவீனாவின்ரை வேவுக்காரன்?” என்றான் நிருஷன். அவனுக்கு வெளித்துவிட்டது. “கணக்கு முடிஞ்ச பிறகு ‘இந்தக் குறிப்பு இருக்கோ’ எண்டு கேக்கிற ஆள். அந்த ஆள் வருமட்டும் இலையை எடுக்க ஏலாது! பார்த்ததாலை இல்லை, பிடிச்சிருந்ததாலை!”

“அதேதான். லவீனா, கணக்கு முடியுமட்டும் குறிப்பை விடாமல் பிடிச்சு வைக்கச் சொல்லி எழுதும்.”

லவீனாவின் விரல்கள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் புதிய வெளியீட்டுப் பதிப்பு, சோதனைப் பதிப்பு இருந்த கைபேசியில் ஏறியது. கேதீஸ்வரி, இணுவில். பெரிய படம், மூக்குத்தி, எல்லாம் வந்தது. ‘பொருத்தம் பார்.’ விழவில்லை. லவீனா திரும்பத் திரும்ப அமத்தினாள். விழவேயில்லை. அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

கனகசபாபதி நீக்கல் கடிதத்தை நான்காகக் கிழித்தார். “எனக்குத் தெரியும்! லவீனா எங்கடை வீட்டுப் பிள்ளை மாதிரி. நான் ஆரம்பத்திலேயே சொன்னனான், இது பிழைதான் எண்டு!”

“அந்தக் கூட்டத்துக்கு நான் வரேல்லைப் போல,” என்றான் நிருஷன்.

“பொறுங்கோ ஐயா,” என்றார் சிவகௌரி. “விழுந்தது சின்னப் பிரச்சினை. விழாததுதான் பெரிசு. எடுத்த இலையின்ரை இடத்திலை படம் குந்தாமல், இன்னொரு ஆளின்ரை குறிப்பு வந்து குந்தினால்? ரெண்டும் ஒரே அளவு. கணக்குக்காரனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆரோ ஒரு ஆளின்ரை கட்டத்தைப் பார்த்து, சிரிச்ச முகத்தோட விடை சொல்லுவான். சின்னப் படம் போட்ட எல்லாருக்கும் அப்பிடி நடந்திருக்கலாம்.”

அறையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. மறுமொழி தட்டிக்கொண்டிருந்த சுபாஜினியின் கை அது.

கனகசபாபதிக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. விளங்கியவுடன் கண்கள் சுவரிலிருந்த விளம்பரப் படத்துக்குப் போயின. “எங்கடை பிள்ளையின்ரையைப் போட்டுப் பாருங்கோ,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

லவீனா புதிய பதிப்பில் சுபாஜினியின் குறிப்போடு சிவரூபனுடையதைச் சேர்த்தாள். விடை வந்தது. பத்துக்கு மூன்று.

கனகசபாபதி கைபேசியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“பழசைத் திருப்பிப் போடுங்கோ,” என்றார் கனகசபாபதி. “புதுசிலை பிழை இருக்கு.”

“ஐயா, அண்டைக்குப் பத்து வந்தது எப்பிடி எண்டு ஒருக்கால் சொல்லுங்கோ. நடந்தபடி.”

“நான் முதலிலை விரும்பினது லண்டன் டொக்டர் பெடியனைத்தான். சொந்தக்காரர் எல்லாரும் வீட்டிலை இருக்கேக்கை பிள்ளைதான் போனை வைச்சுக் காட்டினவ. டொக்டரின்ரையைத் திறந்தவ, கை தவறித் திரும்பி வந்து சிவரூபன்ரையை அமத்திப்போட்டா. பத்துக்குப் பத்து! கடவுளே காட்டின மாதிரி. நான் உடனை மனம் மாறீட்டன்.”

“ஒரு முறைதான் காட்டினவவோ?”

“வந்த ஆக்கள் எல்லாருக்கும் காட்டினவ. காட்டின நேரமெல்லாம் பத்து.”

சிவகௌரி பழைய பதிப்பு இருந்த கைபேசியை எடுத்தார். சுபாஜினியின் குறிப்போடு சிவரூபனுடையதை நேரே திறந்து அமத்தினார். ஐந்து என்றது. திரும்ப அமத்தினார். ஆறு என்றது. பிறகு டொக்டரைத் தொட்டு, முழுவதும் திறக்க முன்னரே திரும்பி வந்து, சிவரூபனை அமத்தினார். பத்து. இன்னொரு தரம் டொக்டர், திரும்பல், சிவரூபன். பத்து.

“டொக்டரின்ரை குறிப்பு பின்னாலை இன்னும் வந்துகொண்டு இருக்கேக்கை சிவரூபன்ரை இலை எடுபடுது. டொக்டர் அதிலை வந்து குந்துறார். அந்தப் பத்து டொக்டரின்ரை. கை ஒருக்கால் தவறலாம் ஐயா. காட்டின நேரமெல்லாம் ஒரே மாதிரித் தவறாது.”

எல்லோரும் திரும்பினார்கள். சுபாஜினி எழும்பி நின்றாள். நிருஷனுக்கு வாய் நிறையப் பகிடி வந்தது. அவள் முகத்தைக் கண்டு விழுங்கினான்.

“ஓம்,” என்றாள். “முறைப்பாட்டுக்கு மறுமொழி போடுறது நான்தானே. ஒரே சோடிக்கு ரெண்டு விடை வருதெண்டு முதல் கண்டதும் நான்தான். தொட்டுத் தொட்டுப் பார்த்து வழியைப் பிடிச்சன். சிவரூபனைக் கம்பஸிலை இருந்து எனக்குத் தெரியும் அப்பா. நேரே சொன்னால் நீங்கள் குறிப்பைக் கேட்டிருப்பியள். குறிப்பு மூண்டு எண்டது எனக்கு அப்பவே தெரியும்.”

கனகசபாபதி வாயைத் திறந்தார். ஆனால் லவீனாதான் முந்திக்கொண்டாள்.

“தெரிஞ்சுகொண்டோ?” அவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். “இவ்வளவு நாளும் என்னைக் கள்ளி மாதிரிப் பார்த்தவை. இண்டைக்கு என்ரை பேரையே கெடுத்து அனுப்பப் பார்த்தவை. பக்கத்து மேசையிலை இருந்து நீங்கள் எனக்கு ரிசுப் பேப்பர் எடுத்துத் தந்தனீங்கள், சுபாஜினி. கண் துடைக்கச் சொல்லி.”

சுபாஜினி தலை குனிந்தாள். “சொன்னால் என்ரை கலியாணம் போயிடும் எண்டு பயந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ லவீனா. வேறை சொல்ல என்னட்டை ஒண்டுமில்லை.”

“இப்ப உதெல்லாம் விடுங்கோ!” கனகசபாபதிக்குக் குரல் திரும்பியிருந்தது. “இந்தப் புதுப் பதிப்பு வெளியிலை போகக்கூடாது. கலியாணம் முடியட்டும். பிறகு பாப்பம்.”

“அதுவரைக்கும் எத்தினை வீட்டிலை இலை மாறும்?” என்றார் சிவகௌரி.

“மாறட்டும்! மூண்டோட ஆராவது கலியாணம் கட்டுவினமோ?”

“உங்களுக்கும் அம்மாவுக்கும் எத்தினை அப்பா?” என்றாள் சுபாஜினி.

“ஒன்பது!”

“அப்ப ஏன் அவ குசினிக்குள்ளையும் நீங்கள் விறாந்தையிலையும் ஆளுக்கொரு ரீவி வைச்சுப் பாக்கிறியள்?”

கனகசபாபதி கதிரையில் இருந்துவிட்டார். நிருஷன் கூரையை மிகவும் கவனமாக ஆராய்ந்தான்.

“போடுங்கோ லவீனா,” என்றாள் சுபாஜினி. “மூண்டெண்டாலும் நான் அவரைத்தான் கட்டுவன். ஆரும் கேட்டால் மூண்டு எண்டே சொல்லுவன்.”

புதிய பதிப்பை ஊருக்கு அனுப்பும் கடவுச்சொல் லவீனாவிடம்தான் இருந்தது. அவள் அதைத் தட்டினாள். ‘வெளியிடு’ என்ற பொத்தான் திரையில் பச்சையாக வந்து நின்றது. அதன்மேல் விரலை வைத்தவள் அமத்தவில்லை.

“உங்கடை மன்னிப்பை எனக்குப் பிறகு சொல்லுங்கோ,” என்றாள். “முதல் அந்த இணுவில் பிள்ளைக்குப் போன் எடுங்கோ. அவளின்ரை சம்பந்தம் குழம்பினது உங்களாலை.”

சுபாஜினி மறுக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி கைபேசியை மேசையில் வைத்து அழைப்பெடுத்தாள். கேதீஸ்வரியே கதைத்தாள். சுபாஜினி ஒன்றையும் மறைக்கவில்லை. இலை மாறிய கதையையும், தான் டொக்டரைத் தொட்டுப் பத்து எடுத்த கதையையும், தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னாள். “உங்கடை குறிப்பிலை ஒரு குறையும் இல்லை. லண்டன்காரருக்கு வேணுமெண்டால் நானே எடுத்துச் சொல்லுறன்,” என்று முடித்தாள்.

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அழுகிறாளாக்கும் என்று நிருஷன் நினைத்தான்.

“அக்கா,” என்றது குரல், மிகவும் தாழ்ந்து. “அம்மா கிணத்தடியிலை நிக்கிறா. கெதியாச் சொல்லுங்கோ. நல்ல பொருத்தம் வாற ஆளை முதல் தொட்டு, டக்கெண்டு திரும்பி வந்து, விருப்பமான ஆளை அமத்த வேணும். அவ்வளவுதானே?”

சுபாஜினி மற்றவர்களைப் பார்த்தாள். “ஓம்… அவ்வளவுதான்.”

“புதுப் பதிப்பு எப்ப போடுறியள்?”

“இப்ப. லவீனா பொத்தானிலை விரல் வைச்சுக்கொண்டு நிக்கிறா.”

“ஐயோ! ஒரு அரை மணித்தியாலம் பொறுக்கச் சொல்லுங்கோ அக்கா! உரும்பிராயிலை ஒரு ஆள் இருக்கிறார். மாமா ஆக்கள் இப்ப வந்திடுவினம், அவைக்கு முன்னாலை ஒருக்கால் காட்டிப்போட்டால் காணும். லண்டன்காரருக்குப் போன் ஒண்டும் எடுக்க வேண்டாம், கடவுளாணை எடுத்துப்போடாதேங்கோ!”

“இது மோசடி!” என்று கனகசபாபதி கதிரையிலிருந்து துள்ளினார். “என்ரை செயலியிலை, என்ரை கண்ணுக்கு முன்னாலை மோசடி!”

“இல்லை ஐயா,” என்றான் நிருஷன். “வாடிக்கையாளர் சேவை.”

லவீனா திரையையும் மேசையிலிருந்த கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தாள். காலையிலிருந்து முதன்முறையாக அவளுடைய உதட்டோரம் அசைந்தது. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, கைபேசிப் பக்கம் குனிந்தாள்.

“தங்கச்சி, அந்த ஸ்ரூடியோப் படத்தை முதல் எடுத்துப்போடும். பேய்ப் படத்தைப் போடும். இல்லாட்டில் எல்லாருக்கும் முன்னாலை விழுந்துபோகும்.”

சிவகௌரி பையைத் தோளில் கொழுவிக்கொண்டு எழும்பினார். இணுவிலில் குடிக்காமல் வைத்துவிட்டு வந்த தேத்தண்ணி அவருக்கு இன்னும் நினைவில் நின்றிருக்க வேண்டும்.

“நினைவகத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டவை. மனசுக்கு ஒருத்தரும் கூப்பிடேல்லை,” என்றார். “வாரும் லவீனா. கீழை கடையிலை தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து அமத்துவம். நல்லா ஆற வைச்சுக் குடிப்பம்.”